புரூஸ் கேம்பலைத் தெரியாதவர்கள் ‘மை நேம் இஸ் புரூஸ்’ பார்க்கலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்தாறு பேர், சிங்கப்பூரில் ஒரே அலுவலகம். அக்டோபர் கடைசியில் ஒருவர் வீட்டில் கூடி ராத்திரி முழுக்கப் பேய்ப்படம் பார்ப்பதாகத் திட்டம். ஒரு நண்பர் ‘மை நேம் இஸ் புரூஸ்’ போட்டே ஆக வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். புரூஸ் கேம்பல் என்ற நடிகரை எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘தில்லுக்கு துட்டு’ மாதிரி சும்மா உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போகலாமா, இல்லை முன்கதை தெரிந்திருக்க வேண்டுமா? ஒரு நடிகரின் ரசிகர்களுக்காகவே இப்படிப் படம் எடுப்பதில் யாருக்கு என்ன லாபம்? இன்னொன்று, எங்களோடு சீன நண்பர் ஒருவரும் இருப்பார். படத்தில் பேயாக வருவது சீனர்கள் கும்பிடும் சாமி என்கிறார்கள். சங்கடம் ஆகுமா?

பதில்: பார்க்கலாம். ஆனால் அந்த இரவின் முதல் படமாக வேண்டாம். அந்த நடிகரைத் தெரியாத பாதிப் பேர் அரை மணி நேரத்தில் போனை எடுத்துவிடுவார்கள். தெரிந்த பாதிப் பேர் சிரிப்பார்கள், பிறகு ஏன் சிரித்தோம் என்று மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பார்கள். விளக்கம் சொல்லிச் சிரிக்க வைப்பதைவிடக் கொடுமை உண்டா?

உங்கள் நண்பர்களுக்கு அவரைத் தெரியாது என்பதும் முழு உண்மையாக இருக்காது. முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்காது. 2002-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ படத்தில் பீட்டர் பார்க்கர் மல்யுத்த மேடைக்குப் போவான் இல்லையா, தன் பெயர் ‘மனிதச் சிலந்தி’ என்று சொல்வான், அறிவிப்பாளர் அது நன்றாக இல்லை என்று தானே ‘ஸ்பைடர்மேன்’ என்று மாற்றி அறிவிப்பார். அந்த அறிவிப்பாளர்தான் புரூஸ் கேம்பல். இரண்டாம் பாகத்தில் பீட்டரை நாடக அரங்குக்குள் விடாமல் தடுக்கும் வாயிற்காவலர், மூன்றாம் பாகத்தில் பிரெஞ்சு உணவகத்தில் வரவேற்பவர், எல்லாம் அவரே. 2022-இல் வந்த இரண்டாவது ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ படத்தில் தள்ளுவண்டியில் பீட்சா உருண்டை விற்கும் ஒருவர் மந்திரத்தால் தன்னைத் தானே குத்திக்கொண்டே இருப்பாரே, அவரும் இவர்தான். இந்த நான்கு படங்களையும் இயக்கியவர் சாம் ரெய்மி. இருவரும் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளிக்கூட வயதிலேயே சேர்ந்து குறும்படம் எடுத்த நண்பர்கள்.

அந்த பீட்சாக்காரர் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது. ஒருவர் தன் கையாலேயே அடி வாங்குகிறார், பார்க்கக் கொஞ்சம் வேடிக்கை, அவ்வளவுதான் சாதாரணப் பார்வையாளருக்கு. ‘ஈவில் டெட்’ படங்கள் தெரிந்தவருக்கு அது 35 வருடத்துக்கு முந்தைய காட்சி ஒன்றின் மறுவருகை. 1987-இல் வந்த ‘ஈவில் டெட் 2’ படத்தில் ஆஷ் என்ற கதாபாத்திரத்தின் வலது கையில் பேய் புகுந்துகொள்ளும். அந்தக் கை அவன் தலையில் தட்டு தட்டாக உடைக்கும், முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் உருட்டும். கடைசியில் அவன் மரம் அறுக்கும் எந்திர ரம்பத்தால் அதை வெட்டி, அதன் மேல் வாளியைக் கவிழ்த்து, வாளி நகராமல் இருக்க மேலே புத்தகங்களை அடுக்குவான். மேலே இருக்கும் புத்தகம் ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’. கைகளுக்கு விடை கொடுக்கிறான் என்று ஒரு கடி ஜோக். ஹெமிங்வே தெரியாவிட்டாலும் காட்சி சிரிக்க வைக்கும், தெரிந்தால் கூடுதலாக ஒரு சிரிப்பு. நல்ல ரசிகர் ஜோக் என்றால் இப்படித்தான் இரண்டு தளத்தில் நிற்க வேண்டும். ‘மை நேம் இஸ் புரூஸ்’ பல இடங்களில் மேல்தளத்தை மட்டும் கட்டிவிட்டு அடித்தளத்தை விட்டுவிட்டது. அந்தப் படத்தின் மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான். மற்றதெல்லாம் மன்னிக்கக்கூடியவை.

சரி, இந்த மனிதருக்கு இவ்வளவு ரசிகர்கள் எப்படிச் சேர்ந்தார்கள்? பெரிய ஹிட் கொடுத்து அல்ல. 1979-இன் இறுதியில் சாம் ரெய்மி, தயாரிப்பாளர் ராபர்ட் டாப்பர்ட், கேம்பல் ஆகிய மூவரும் டென்னசி மாநிலத்துக் காட்டில் இருந்த ஒரு பாழடைந்த மரவீட்டில் முதல் ‘ஈவில் டெட்’ படத்தை எடுக்கப் போனார்கள். எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. பணம் ஊரில் பல் மருத்துவர், வழக்கறிஞர், கடைக்காரர் என்று ஒவ்வொருவராகப் பார்த்துத் திரட்டியது, மொத்தமே நான்கு லட்சம் டாலருக்குள். சோளப் பாகு, சிவப்புச் சாயம், காப்பியில் கலக்கும் பால் இல்லாத கிரீமர் ஆகியவைதான் ரத்தம். படப்பிடிப்பு நீண்டுகொண்டே போக, நடிகர்கள் பலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். முதுகைக் காட்டி, கையைக் காட்டி, விக் வைத்து, கிடைத்தவர்களை வைத்து மீதிக் காட்சிகளை முடித்தார்கள். கடைசி வரை காட்டில் இருந்து அடி வாங்கியவர் கேம்பல்.

படம் 1981 அக்டோபரில் டெட்ராய்ட் ரெட்ஃபோர்ட் திரையரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மறுவருடம் பிரான்சின் கான் திரைப்பட விழாச் சமயத்தில் அதைப் பார்த்த எழுத்தாளர் ஸ்டீபன் கிங் பாராட்டி எழுதியதும் விநியோகஸ்தர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் படத்தை வாழவைத்தது வீடியோ கேசட். உலகம் முழுக்க இளைஞர்கள் வாடகைக் கேசட்டில் பார்த்துப் பார்த்து வசனம் மனப்பாடம் செய்த தலைமுறை அது. திரையரங்கில் கூட்டமாகப் பார்த்த நட்சத்திரத்தின் மீது வருவது ஒரு வகைப் பாசம். ராத்திரி வீட்டில் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு தனியாகக் கண்டுபிடித்த நடிகரின் மீது வருவது வேறு வகை. இரண்டாவது வகை ரசிகருக்கு அவர் தன்னுடைய சொந்த ஆள்.

1992-இல் முடிந்த மூன்றாவது படம் ‘ஆர்மி ஆஃப் டார்க்னஸ்’ ஆஷை 14-ஆம் நூற்றாண்டுக்குத் தூக்கிப் போட்டது. வாய் நிறைய வீரம், மண்டையில் ஒன்றுமில்லை, உச்சரிக்க வேண்டிய மூன்றே மூன்று மந்திரச் சொற்களைக்கூட மறந்துவிட்டு இருமி மழுப்பும் நாயகன். பல்பொருள் அங்காடி ஊழியன், ஒரு கைக்குப் பதில் எந்திர ரம்பம். கேம்பல் இதற்குப் பிறகு பெரிய நாயகனாக ஆகவில்லை. சிறு படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், நண்பரின் பெரிய படங்களில் ஓரிரு நிமிடங்கள். 2001-இல் தன்னை ‘பி பட நடிகர்’, அதாவது மலிவுப் பட நடிகர் என்று தானே அழைத்துக்கொண்டு ஒரு தன்வரலாறு எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் புத்தகத்தை விற்றார், ரசிகர்களோடு மல்லுக்கட்டிப் பேசினார், மேடையிலேயே அவர்களைக் கிண்டல் செய்தார். கூட்டம் கூடியது. ‘மை நேம் இஸ் புரூஸ்’ படத்துக்கான சந்தை அங்கேயே தயாராகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்போது கதைக்கு வருவோம். ஓரிகன் மாநிலத்தில் கோல்ட் லிக் என்ற கற்பனைச் சிற்றூர். ஒரு காலத்தில் தங்கச் சுரங்கம் இடிந்து சீனத் தொழிலாளர்கள் மாண்ட இடம். ஜெஃப் என்ற பதின்ம வயதுப் பையன் அவர்களின் கல்லறையில் விளையாட்டாக ஒரு பதக்கத்தைப் பிடுங்க, குவான் டி என்ற சீனப் போர்த் தெய்வம் விழித்துக்கொண்டு ஊராரின் தலைகளைச் சீவத் தொடங்குகிறது. பையன் புரூஸ் கேம்பலின் வெறித்தனமான ரசிகன். பேயை அடக்க யார் சரியான ஆள்? திரையில் அத்தனை பேய்களை அடக்கிய புரூஸ்தான்! நடிகரைக் கடத்திக்கொண்டு ஊருக்கு வருகிறான். நம் ஆளோ மனைவியால் விலக்கப்பட்டு, வண்டி வீட்டில் குடித்துக்கொண்டு, கேவலமான படங்களில் நடித்துக் காலம் தள்ளுபவர். இது எல்லாம் தன் ஏஜெண்ட் பிறந்தநாளுக்காக ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்து, ஊர் மக்களைத் திரட்டிக்கொண்டு வீராவேசமாகப் பேயை வேட்டையாடக் கிளம்புகிறார். பேய் நிஜம் என்று தெரிந்த நொடியில் எல்லோரையும் விட்டுவிட்டு ஓட்டம் எடுக்கிறார். அதற்கு மேல் சொன்னால் உங்கள் நண்பர் என்னோடு சண்டைக்கு வருவார்.

இந்த முடிச்சு நமக்குப் புதிதில்லை. ‘தில்லுக்கு துட்டு’ படத்திலும் செட்டப் பேய் என்று நினைத்து வந்த பங்களாவில் நிஜப் பேய் இருக்கும், சந்தானம் பயம் இல்லாமல் பேயையே கலாய்ப்பார். நாயகன் தொடை நடுங்கியாக இருப்பதும் புதிதில்லை. 2007-இல் ‘முனி’ தொடங்கி ராகவா லாரன்ஸ் இருட்டினால் அம்மாவைத் தேடுவதை வைத்தே ஒரு வரிசைப் படங்களை ஓட்டினார். அந்த அளவில் உங்கள் கூட்டத்துக்குக் கதை புரியாமல் போகாது.

புதிதாகப் படப்போவது வேறு ஒன்று. நடிகர் தன் சொந்தப் பெயரில் தானே வருவது தமிழிலும் நடந்திருக்கிறது. 1984-இல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ படத்தில் ரஜினி ரஜினியாகவே வந்தார். ஆதரவற்ற குழந்தைக்காக உருகும் நல்ல மனிதராக வந்தார், அந்தக் குழந்தையாக நடித்தவர் மீனா. ‘மை நேம் இஸ் புரூஸ்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த அதே 2008-இல் இங்கே ‘குசேலன்’ வந்தது. அசோக்குமார் என்று பெயர் மாற்றி வைத்திருந்தாலும் அது யார் என்று தெரியாதவர் இல்லை. முடிவில் மேடையில் பழைய நண்பனை நினைத்துக் கண் கலங்கும் மகான். நம் சினிமாவில் நட்சத்திரம் தன்னையே நடித்தால் மேலே போக வேண்டும். கேம்பல் கீழே போகிறார். குடிகாரர், கஞ்சர், ரசிகர்களை மதிக்காதவர், பெண்களிடம் வழிபவர், கோழை. ரசிகர்கள் அதைப் பார்த்துக் கோபப்படாமல் கைதட்டுகிறார்கள், ஏனென்றால் அவரை அவர்கள் விரும்பத் தொடங்கியதே அவர் அடி வாங்குகிறவர் என்பதால்தான். மெக்கன்சி சாலை ரெக்ஸ் திரையரங்கில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று புரியும். நம் உச்ச நட்சத்திரம் ஒருவரைக் கூலிக்கு மாரடிக்கும் குடிகாரக் கோழையாக அவர் பெயரிலேயே காட்டி, அந்தக் கூட்டத்திடம் சிரிப்பு வாங்க முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. வடிவேலு செய்யலாம், ஆனால் அவர்கூட வேறொரு பெயரில்தான் செய்திருக்கிறார்.

முன்கதை தெரிந்தால் மட்டும் விழும் ஜோக்குகள் சிலவற்றைச் சொல்கிறேன், நீங்களே எடை போடலாம். புரூஸின் முன்னாள் மனைவி பெயர் செரில். நடிப்பவர் எலன் சாண்ட்வைஸ். முதல் ‘ஈவில் டெட்’ படத்தில் ஆஷின் தங்கையாக வந்து முதலில் பேய் பிடித்தவர் இதே எலன், அங்கும் பெயர் செரில்தான். ஊர் மக்களில் ஒருவராக வரும் டான் ஹிக்ஸ் இரண்டாம் படத்தில் அடி வாங்கிச் செத்தவர். சாம் ரெய்மியின் தம்பி டெட் ரெய்மி இதில் மூன்று வேடம். ஏஜெண்ட், பெயர்ப்பலகை எழுதுபவர், விங் என்ற சீனக் கிழவர். மூன்றாவதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். ரசிகருக்கு இது பழைய பள்ளிக்கூட நண்பர்கள் கூடும் ராத்திரி. வெளியாளுக்கு யாரோ ஒரு பெண், யாரோ ஒரு ஆள்.

லாபக் கணக்குக்கு வருவோம். படத்தின் செலவு சுமார் 15 லட்சம் அமெரிக்க டாலர் என்று சொல்லப்படுகிறது. முந்தைய ஆண்டு வந்த மூன்றாம் ‘ஸ்பைடர்மேன்’ 25 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. இரண்டிலும் கேம்பல் இருக்கிறார் என்பது வேடிக்கை. இந்தப் படத்தை இயக்கியவரும் கேம்பல்தான். இதற்கு முன் இயக்கிய படத்தைப் பல்கேரியாவில் எடுத்தார். இந்த முறை அலைச்சல் வேண்டாம் என்று தெற்கு ஓரிகனில் தன் சொந்த நிலத்திலேயே கோல்ட் லிக் ஊரைக் கட்டிவிட்டார். தெரு, கடைகள், எல்லாம் அவர் வீட்டுப் பின்புறம். காமிக்ஸ் பதிப்பகமான டார்க் ஹார்ஸ் பின்னால் நின்றது. திரைக்கதை எழுதிய மார்க் வெர்ஹைடனும் காமிக்ஸ் உலகிலிருந்து வந்தவர். ஆக, விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் ஏற்கெனவே பழக்கம்.

பெரிய அளவில் வெளியிட விளம்பரத்துக்கே படச் செலவைப்போல் பல மடங்கு ஆகும். அதனால் சில திரையரங்குகளில் மட்டும் போட்டு, கேம்பலே நகரம் நகரமாகப் படத்தோடு போனார். படம் முடிந்ததும் மேடையேறிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பிறகு டிவிடி. யாரும் இங்கே கோடீஸ்வரர் ஆகப்போவதில்லை, ஆனால் யாரும் தெருவுக்கு வரப்போவதுமில்லை. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும், அதற்குள் செலவை அடக்கினால் போதும். இருபது வருடமாக மொய் எழுதியவர்களுக்கு வைத்த விருந்து இது. புதிதாக வந்தவருக்குப் பந்தியில் இடம் உண்டு, பரிமாறுகிறவர்தான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ரசிகர் படம் என்பதால் ஏற்படும் சோம்பேறித்தனமும் இதில் தெரிகிறது. கேம்பல் திரையில் இல்லாத காட்சிகள் தண்ணீர் ஊற்றிய காப்பி மாதிரி இருக்கின்றன. பையனின் அம்மாவுக்கும் புரூஸுக்கும் வரும் காதல் ஒப்புக்கு. நடுவில் நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள் கிதாரோடு வந்து குவான் டியின் கதையைப் பாடுவது மட்டும் எதிர்பாராத நல்ல விஷயம், வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்துவது போன்ற சுறுசுறுப்பு. பேயோ, ரப்பர் முகமூடி, மின்னும் கண்கள், நீள அரிவாள். பயம் துளியும் வராது. பயமுறுத்தும் திறமை இருந்தும் வேண்டுமென்றே விட்டார்களா, காசு இல்லாமல் விட்டார்களா என்று கேட்டால், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பேன்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. சிங்கப்பூரில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அமெரிக்க ரசிகருக்கு வராத ஒரு நெருடல் வரும். அவர்களுக்குக் குவான் டி என்பது எழுத்தாளர் எங்கோ தேடி எடுத்த விசித்திரப் பெயர். நமக்கு அவர் பக்கத்துக் கடைக்காரர் கும்பிடும் சாமி. சிவந்த முகம், நீண்ட கருந்தாடி, கையில் பிறை வடிவ வாள் பூட்டிய ஈட்டி. கோப்பிக் கடையிலும் மளிகைக் கடையிலும் சிவப்பு விளக்கு எரியும் மாடத்தில் நீங்கள் அவரைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். குவான் கோங் என்றும் சொல்வார்கள். கி.பி. 220 வாக்கில் மறைந்த குவான் யூ என்ற உண்மையான தளபதிதான் பின்னாளில் தெய்வமானார். விசுவாசத்துக்கும் சொன்ன சொல் தவறாமைக்கும் அடையாளம். ஹாங்காங்கில் போலீஸ் நிலையத்திலும் கும்பிடுவார்கள், ரகசியக் கும்பல்களும் கும்பிடும். தெலுக் ஆயர் தெருவில் தியான் ஹொக் கெங் கோயிலுக்குப் போனால், நடுவில் கடல் தெய்வம் மாஸு, பக்கத்தில் இவர். அதே தெருவில் நடந்து போகும் தூரத்தில் 1830 வாக்கில் தமிழகத்திலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டி முடித்த நாகூர் தர்கா நிற்கிறது. தெரியாத சாமி என்று நாம் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

படத்தில் அவரைப் போர்த் தெய்வம், இறந்தவர்களின் காவலர், கூடவே தோஃபுவின் (சோயா பால் கட்டியின்) காவலர் என்று அறிமுகப்படுத்துவார்கள். தோஃபு என்றதும் அங்கே சிரிப்பலை. சீன நாட்டுப்புறக் கதைகளில் குவான் யூ இளமையில் தோஃபு விற்றவர் என்று உண்டு, தோஃபு வியாபாரிகள் அவரைத் தங்கள் காவல் தெய்வமாகக் கருதுவதும் உண்டு. ஆக அந்த வரி முழுக் கப்ஸா இல்லை. எழுதியவர் கொஞ்சம் படித்திருக்கிறார். அவ்வளவு படித்தவர், மானம் காக்கும் ஒரு தெய்வத்தைக் கண்ணில் பட்டவன் தலையையெல்லாம் வெட்டும் கல்லறைப் பேயாக ஆக்கியதுதான் இடிக்கிறது. காமன்வெல்த் டிரைவ் கோயிலில் இருக்கும் முனீஸ்வரரை எடுத்து, யாரோ ஒரு வெள்ளைக்காரர் ரப்பர் முகமூடி மாட்டிப் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

கதையின் பின்னணியும் சும்மா கற்பனை இல்லை. கேம்பல் குடியிருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் ஜாக்சன்வில் என்ற ஊர் 1850-களின் தொடக்கத்தில் தங்கம் கிடைத்ததால் எழுந்தது. ஓரிகனின் முதல் சீனக் குடியிருப்பு அங்கேதான் உருவானது. 1857-இல் எழுதப்பட்ட ஓரிகன் அரசமைப்பு, அதன் பிறகு வரும் சீனர்கள் நிலமோ சுரங்க உரிமையோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதி வைத்தது. 1882-இல் அமெரிக்கா முழுவதற்கும் சீனத் தொழிலாளர் வரத் தடைச் சட்டம் வந்தது. 1887-இல் அதே மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஹெல்ஸ் கன்யன் ஆற்றோரம் தங்கம் அரித்துக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட சீனர்களைச் சுட்டுக் கொன்றார்கள், யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த மண்ணிலிருந்து ஒரு சீனத் தெய்வம் எழுந்து கணக்குக் கேட்கிறது என்பது எவ்வளவு பெரிய கரு! நாம் முனி, இசக்கி, நீலி என்று அநியாயமாகச் செத்தவர்கள் திரும்பி வரும் கதைகளில் வளர்ந்தவர்கள். அந்தக் கருவை மடியில் வைத்துக்கொண்டு படம் தோஃபு ஜோக் அடிக்கிறது. நகைச்சுவைப் படத்தில் இதை எதிர்பார்க்கலாமா என்று கேட்பீர்கள். எதிர்பார்க்கலாம். ‘காஞ்சனா’ எவ்வளவு கூத்தடித்தாலும், கொல்லப்பட்ட திருநங்கைக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னது.

டெட் ரெய்மியின் சீனக் கிழவர் வேடம் இதைவிட மோசம். வெள்ளை நடிகர் ஒப்பனை போட்டு, இழுத்து இழுத்து ஆங்கிலம் பேசுகிறார். பழைய மலிவுப் படங்கள் இப்படித்தான் செய்தன, அதைத்தான் கிண்டல் செய்கிறோம் என்பது ரசிகர்கள் சொல்லும் சமாதானம். எனக்கு அது ஒட்டவில்லை, ஏனென்றால் ஜோக் அந்தப் பழைய படங்களின் மேல் விழாமல் கிழவர் மேல்தான் விழுகிறது. 2019-இல் சிங்கப்பூர் விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு ‘கே. முத்துசாமி’ என்ற பெயர் அட்டையோடு நின்றபோது நாம் என்ன சொன்னோமோ, அதேதான் இங்கும் பொருந்தும். நம் முறை வரும்போது மட்டும் கோபப்படுவது சரியாக இருக்காது.

ஆகவே உங்கள் சீன நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘படத்தில் குவான் கோங்தான் பேய், ஒரு வெள்ளைக்காரர் சீனக் கிழவராக வருகிறார், உனக்கு ஓகேயா?’ என்று நேராகக் கேட்டால் போதும். பேயும் வேடிக்கையும் கலப்பதால் மட்டும் இங்குள்ள சீனர்கள் முகம் சுளிப்பதில்லை. ஆவிகளுக்கான சீன ஏழாம் மாதத்தில், கெத்தாய் என்ற கலைநிகழ்ச்சி மேடையில் பளபள உடையில் பாட்டும் இரட்டை அர்த்த ஜோக்கும் நடக்கும், முன்வரிசை நாற்காலிகள் மட்டும் ஆவிகளுக்காகக் காலியாக இருக்கும். அவர் விழுந்து விழுந்து சிரிக்கலாம். வீட்டில் குவான் கோங் மாடம் வைத்திருப்பவராக இருந்தால் சிரிக்காமலும் இருக்கலாம். அது அவர் விருப்பம். வேண்டாம் என்றால் யார் முகத்தையும் பார்க்காமல் படத்தை மாற்றிவிடுங்கள்.

பார்ப்பது என்று முடிவானால், முதலில் ‘ஈவில் டெட் 2’ போடுங்கள். முதல் பாகம் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அதன் கதையைத் தொடக்கத்திலேயே சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுவார்கள். முதல் பாகத்தில் மரங்கள் ஒரு பெண்ணைத் தாக்கும் காட்சி அளவு மீறியது, கலகலப்பான கூட்டத்துக்கு அது வேண்டாம். இரண்டாம் பாகமும் ‘மை நேம் இஸ் புரூஸ்’ படமும் ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும், இரண்டையும் சேர்த்தால் நீளமான ஒரு தமிழ்ப் படம்தான். நடுவில் சாப்பிட்டுவிட்டு இரண்டாவதைப் போட்டால், பாதி ஜோக்காவது எல்லோருக்கும் விழும். தனியாக லேப்டாப்பில் பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், கூட்டச் சிரிப்பை நம்பி எடுத்த படம். கோல்டன் மைல் டவரில் புரொஜெக்டர் திரையரங்கு இருந்தவரை இப்படிப்பட்ட படங்களைக் கூட்டமாகப் பார்க்க ஒரு இடம் இருந்தது. 2025 ஆகஸ்டில் அதுவும் மூடிவிட்டது, இனி உங்கள் வரவேற்பறைதான்.

சீன நண்பர் வேண்டாம் என்றாலோ, ஒரே ஒரு கேம்பல் படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றாலோ, டான் கொஸ்கரெல்லி இயக்கி 2002-இல் வந்த ‘பபா ஹோ-டெப்’ எடுங்கள். முதியோர் இல்லத்தில் இடுப்பு வலியோடு கிடக்கும் எல்விஸ் பிரெஸ்லி, தன்னை ஜனாதிபதி கென்னடி என்று நம்பும் கறுப்பின முதியவர், இருவரும் சேர்ந்து எகிப்திய மம்மி ஒன்றை எதிர்க்கிறார்கள். அதுவும் குறைந்த காசுப் படம், அதுவும் கேலிப் படம். ஆனால் அதில் கேம்பல் நிஜமாகவே நடிக்கிறார், முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. ‘மை நேம் இஸ் புரூஸ்’ போட வேண்டும் என்று அடம் பிடிக்கும் உங்கள் நண்பரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.